பதினான்கு முறை வணக்கம் சொன்னவர்

சென்ற மாதம் இரண்டு இளம் சமூகப் பணியாளர்கள் செகந்திராபாத் பக்கம் மல்காஜ்கிரியில் என் வீட்டுக்கு வந்தார்கள். நான் இருபத்திரண்டு வருடம் வேலை செய்து ஓய்வுபெற்ற பகல்நேர மறுவாழ்வு மையத்தில் இப்போது வேலை பார்ப்பவர்கள். கையில் ஒரு படிவம் கொண்டுவந்திருந்தார்கள். மனச்சிதைவு நோய் உள்ளவர்கள் மற்றவர்களோடு எப்படிப் பழகுகிறார்கள் என்பதை அளக்கும் படிவம். ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் எண். எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றினால் மதிப்பெண் தானாக வந்துவிடுமாம்.

கடந்த ஏழு நாட்களில் எத்தனை நண்பர்களைச் சந்தித்தார்? எத்தனை உரையாடல்களைத் தானாகத் தொடங்கினார்? எத்தனை முறை பொழுதுபோக்குக்காக வெளியே சென்றார்? நான் பேனாவை வாங்கி என்னைப் பற்றியே நிரப்பினேன். நாற்பதுக்கு ஒன்பது வந்தது. "தீவிரக் குறைபாடு" என்றது கீழே இருந்த அட்டவணை.

"சும்மா விளையாட்டுக்குப் போட்டிருப்பீங்க மேடம்" என்றாள் ஒருத்தி.

"இல்லம்மா, உள்ளதைத்தான் போட்டேன்."

இருவரும் சிரித்தார்கள். பிறகு வந்த காரியத்தைச் சொன்னார்கள். புதிதாகச் சேருபவர்களுக்கான கையேட்டில் போட என் அனுபவம் ஒன்றை எழுதித் தரவேண்டும். ஒரு வெற்றிக் கதையாக இருந்தால் நல்லது. வெற்றிக் கதை எழுதமாட்டேன், நான் செய்த தவறு ஒன்றை எழுதித் தருகிறேன், போட விருப்பமிருந்தால் போடுங்கள் என்றேன். இது அதுதான்.

மதுரையில் ஒரு நாளிதழில் நான்கு வருடம் உள்ளூர்ச் செய்தி எழுதிக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி செகந்திராபாத் வந்தபோது அந்த வேலைக்கு இங்கே வழியில்லை. சமூகப் பணி படித்தேன். ஒரு மருத்துவமனையில் பயிற்சி, பிறகு மையம். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதற்குமேல் எதுவும் இல்லை. தெரிந்துகொண்டதெல்லாம் மையத்தில், டாக்டர் சுலோசனாவிடம்.

அவர் வாரங்கல்காரர். பருத்திப் புடவை, ஆண்கள் கட்டும் பெரிய கைக்கடிகாரம். தெலுங்கும் உருதுவும் ஆங்கிலமும் கலந்த ஹைதராபாத் பேச்சு. அதை இங்கே தமிழில் தருகிறேன். "நக்கோ" என்ற சொல்லை மட்டும் அப்படியே விட்டுவிடுகிறேன். வேண்டாம் என்று பொருள். டாக்டர் ஒரு நாளில் அதிகம் பயன்படுத்திய சொல் அது.

சேர்ந்த முதல் வாரத்தில் நான் எழுதிய குறிப்பொன்றை எடுத்துவைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். "நோயாளி ஒதுங்கியே இருக்கிறார். ஆர்வமற்றவர். ஒத்துழைப்பதில்லை" என்று எழுதியிருந்தேன்.

"யார்கிட்ட இருந்து ஒதுங்கினார்?"

"எல்லார்கிட்ட இருந்தும், டாக்டர்."

"எத்தனை அடி? உட்கார்ந்தா, நின்னா? சாப்பாட்டு நேரத்துலயா, எப்பவுமா? நீங்க பேப்பர்ல இருந்தவங்கதானே? ஊர்வலத்துல பெரிய கூட்டம்னு மட்டும் எழுதினா உங்க எடிட்டர் விடுவாரா?"

"விடமாட்டார்."

"நானும் விடமாட்டேன். அட்ஜெக்டிவ் நக்கோ."

அன்றிலிருந்து என் குறிப்புகள் இப்படி ஆயின: "மதிய உணவின்போது கடைசி மேசையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவர் உப்பு கேட்டார். நகர்த்திக் கொடுத்தார். பேசவில்லை." அவர் படித்துவிட்டு ஓரத்தில் ஒரு கோடு போடுவார். கோடு போட்டால் சரி என்று அர்த்தம். பாராட்டு என்று அவரிடமிருந்து வருவது அந்தக் கோடு மட்டும்தான்.

நோயாளியை அவர் எதிரே உட்காரவைத்துப் பேசமாட்டார். வராந்தாவில் ஒரு மரபெஞ்சு இருந்தது. ஒரு முனையில் நோயாளி, மறுமுனையில் டாக்டர், நடுவில் கோப்பு. இருவரும் எதிரே இருந்த சைக்கிள் ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். முதல் பத்து நிமிடம் அவர் எதுவும் கேட்பதில்லை. நோயாளி எதுவும் சொல்லாவிட்டால் "நாளைக்கும் இங்கதான் உட்காருவேன்" என்று சொல்லிவிட்டு எழுந்துபோவார். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ பேச்சு வரும். ஏன் இப்படி என்று ஒருமுறை கேட்டேன்.

"முகம்ங்கறது அவங்களுக்கு ஒரு பெரிய வேலை அம்மா. கண்ணு ஒண்ணு சொல்லும், வாய் ஒண்ணு சொல்லும், குரல் இன்னொண்ணு சொல்லும். நாம யோசிக்காமலே கூட்டிப் புரிஞ்சுக்கறோம். அவங்க ஒவ்வொண்ணா எடுத்துக் கூட்டணும். எதுக்கு அந்தக் கணக்கைக் கொண்டுபோய் நேரா மூஞ்சிக்கு முன்னாடி வைக்கணும்?"

மனச்சிதைவு என்றாலே காதில் குரல் கேட்பதும், யாரோ பின்தொடர்வதாக நம்புவதும்தான் என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். பெரும்பாலோருக்கு அவற்றை மருந்து அடக்கிவிடும். வீட்டார் அப்போது நோய் போய்விட்டது என்று நினைப்பார்கள். ஆனால் ஒருவரிடம் எப்படிப் பேச ஆரம்பிப்பது, எப்போது நிறுத்துவது, எதிரில் இருப்பவர் சிரிப்பது நம்மோடா நம்மைப் பார்த்தா, இதற்கெல்லாம் மாத்திரை கிடையாது. வேலை போவதும், கல்யாணம் நிற்பதும், தெருவில் பைத்தியம் என்று பெயர் வருவதும் அந்த இடத்தில்தான்.

பிரபாகர் எங்கள் மையத்துக்கு வந்தபோது அவருக்கு முப்பத்தொன்று. மாதாப்பூர் பக்கம் மாதத்துக்கு ஒரு கண்ணாடிக் கட்டிடம் எழும்பிக்கொண்டிருந்த காலம். அப்படி ஒரு கட்டிடத்தில் சாப்ட்வேர் சோதிக்கும் வேலையில் இருந்தவர். வட ஆற்காட்டிலிருந்து வந்து மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத்தில் இருக்கும் குடும்பம். அப்பா இல்லை. அம்மா சரோஜா ரயில்வே அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவர். அண்ணன் தினகர் அமெரிக்காவில்.

பக்கத்து இருக்கைக்காரர் விசைப்பலகையில் தட்டும் ஓசையில் தன்னைப் பற்றிய தகவல் போகிறது என்று பிரபாகர் நம்ப ஆரம்பித்தார். இரண்டு முறை மருத்துவமனை. மருந்துக்குப் பிறகு குரல்கள் "பக்கத்து வீட்டு டிவி மாதிரி" ஆகிவிட்டன என்றார். கேட்கும், ஆனால் நம்மைக் கூப்பிடாது. பழைய வேலைக்குத் திரும்பிப் போகமாட்டேன் என்பதில் மட்டும் உறுதியாக இருந்தார்.

"அங்க வேலை கஷ்டமில்ல மேடம். வேலைக்கு நடுவுல பேசறாங்களே, அதுதான்."

வீட்டில் அம்மாவோடு தமிழ். மற்றபடி ஆங்கிலம் கலந்த ஹிந்தி. எந்த மொழியிலும் ஒரு நாளைக்கு இருபது வாக்கியத்துக்கு மேல் அவர் பேசி நான் கேட்டதில்லை. பையன் என்ன செய்கிறான் என்று யாராவது கேட்டால் சரோஜா அம்மா "வீட்ல இருந்தே வேலை பண்றான்" என்று சொல்லி நகர்ந்துவிடுவார்.

அந்தச் சமயத்தில் எங்கள் மையத்துக்கு ஒரு புதிய இயக்குநர் வந்திருந்தார். ஒரு பெரிய கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் இருந்தவர். கெட்டவர் கிடையாது. எதையும் அளந்து பார்க்க வேண்டும் என்று நினைப்பவர். சமூகத் திறன் பயிற்சி என்று ஒரு வெளிநாட்டுக் கையேட்டை வரவழைத்தார். எட்டு வாரம், குழுவாக. டாக்டர் ஒருமுறை "நக்கோ" என்றார். பிறகு "உங்களுக்குச் சரின்னு பட்டா பண்ணுங்க" என்று என்னிடம் விட்டுவிட்டார்.

எனக்கு அந்தக் கையேடு பிடித்திருந்தது. இதை மறைக்கப்போவதில்லை. எல்லாம் படிப்படியாக இருந்தது. ஒருவரைச் சந்திக்கும்போது ஐந்து படிகள்: முகத்தை மூன்று வினாடி பார், புன்னகை செய், வணக்கம் சொல், ஒரு கேள்வி கேள், பதிலுக்குக் காத்திரு. மாதிரிக் கேள்விகளும் இருந்தன. எப்படி இருக்கிறீர்கள், வார இறுதி எப்படிப் போயிற்று.

ஒன்பது பேர் கொண்ட அந்தக் குழுவில் பிரபாகர்தான் முதலாவது. சாப்ட்வேர் சோதித்தவர் அல்லவா? படிகளை ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொன்றையும் செய்து பார்த்து டிக் போட்டுக்கொண்டார். எட்டாவது வாரம் இயக்குநர் அறைக்குள் வந்தபோது பிரபாகர் அவர் முகத்தைப் பார்த்து, புன்னகை செய்து, வணக்கம் சொல்லி, வார இறுதி எப்படிப் போயிற்று என்று கேட்டார். இயக்குநர் மகிழ்ந்துபோனார். நானும்தான்.

நாச்சாரத்தில் மருந்துப் புட்டிகளுக்கு மூடி தயாரிக்கும் சின்னத் தொழிற்சாலை ஒன்றில் அவருக்கு இடம் வாங்கிக் கொடுத்தேன். பேக்கிங் பிரிவு. எண்ணிப் பையில் போட்டு, ஒட்டி, அட்டைப்பெட்டியில் அடுக்கவேண்டும். பிரபாகருக்கு அந்த வேலை பிடித்திருந்தது. சூப்பர்வைசர் காஜா மியான், ஐம்பது வயது, உரத்த குரல்காரர்.

மூன்றாம் நாள் காலை பதினொன்றரைக்கு காஜா மியானிடமிருந்து போன்.

"மேடம், உங்க ஆளைக் கூட்டிட்டுப் போங்க."

போய்ச் சேர்ந்தபோது பிரபாகர் கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார். இடது கன்னம் சிவந்திருந்தது. நடந்ததை மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேட்டு எழுதிக்கொண்டேன். மூவர் சொன்னதும் ஒன்றாகவே இருந்தது.

பிரபாகர் யாரைப் பார்த்தாலும் ஐந்து படிகளையும் செய்தார். ஒருவரை ஒரே நாளில் எத்தனை முறை பார்த்தாலும் அத்தனை முறையும் செய்தார். ஒரு நாளைக்கு ஒருமுறை போதும் என்று கையேட்டில் இல்லை. நான் சொல்லவும் இல்லை. சொல்லவேண்டிய ஒன்று என்று எனக்குத் தோன்றவே இல்லை. முதல் நாள் மட்டும் காஜா மியானுக்குப் பதினான்கு வணக்கம்.

"பதினாலு தடவை மேடம்! நானே எண்ணினேன். ஒவ்வொரு தடவையும் கண்ணுக்குள்ள பாக்கறான், சிரிக்கறான், எப்படி இருக்கீங்கங்கறான். அஞ்சு நிமிஷத்துக்கு முன்னாடி எப்படி இருந்தேனோ அப்படித்தான் இருக்கேன்! பசங்க எல்லாம் என்னைப் பார்த்து அதையே சொல்லிச் சிரிக்கறானுங்க."

மூன்றாம் நாள் பேக்கிங் மேசையில் எதிரே நின்ற பெண்ணைப் பிரபாகர் மூன்று வினாடி பார்த்து, புன்னகை செய்து, ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தீர்கள் என்று கேட்டிருக்கிறார். அன்றைக்கு அது நான்காவது முறை. அவள் அழுதுவிட்டாள். லாரியில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்த அவளுடைய அண்ணன் வந்து அறைந்துவிட்டான்.

பஸ்ஸில் திரும்பும்போது பிரபாகர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எந்த ஸ்டெப்பை விட்டுட்டேன் மேடம்?"

எதையும் விடவில்லை, தப்பு என்னுடையது என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

பிரபாகர் அறை வாங்கிய செய்தி அமெரிக்காவுக்குப் போயிற்று. பத்து நாளில் தினகர் வந்து இறங்கினார். சைனிக்புரியில் நீண்ட காலம் தங்குபவர்களுக்கான இல்லம் ஒன்றில் தம்பிக்கு இடம் ஏற்பாடு செய்துவிட்டதாக என்னிடம் சொன்னார். அந்த இல்லத்தை நான் பார்த்திருக்கிறேன். சுத்தமான இடம், நல்ல சாப்பாடு, தோட்டம். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அங்கே போனவர்கள் திரும்பி வீட்டுக்கு வந்து நான் பார்த்ததில்லை. சேர்க்க இரண்டு தாள் வேண்டும்: அம்மாவின் கையெழுத்து, எங்கள் மையத்தின் மதிப்பீடு. மதிப்பீடு எழுதவேண்டியது நான். தினகரின் விடுமுறை மூன்று வாரம்.

டாக்டரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"அந்த பேக்டரியில ஜனங்க எப்படிப் பழகறாங்கன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது."

"தெரியாமலே பாடம் நடத்தியிருக்கீங்க. போய்ப் பாத்துட்டு வந்து எழுதுங்க. இந்தத் தடவை அவரைப் பத்தி நக்கோ. அங்க இருக்கற மத்தவங்களைப் பத்தி."

தொழிற்சாலைக்கு எதிரே ஒரு பஞ்சர் கடை. அதன் பக்கத்தில் டீக்கடை. பஞ்சர் கடை பெஞ்சில் மூன்று நாள் காலையில் உட்கார்ந்தேன். நோயில்லாத, சமூகச் செயல்பாட்டில் எந்தக் குறையும் இல்லாத ஏறக்குறைய நாற்பது பேரைக் கவனித்தேன். குறிப்பேட்டில் இருப்பதை அப்படியே தருகிறேன்.

காலையில் ஷிப்டுக்கு வரும்போது யாரும் யாருக்கும் வணக்கம் சொல்வதில்லை. முகவாயை ஒருமுறை மேலே தூக்குவார்கள். எதிரில் வருபவனும் தூக்குவான். ஒரு நாளைக்கு ஒருமுறை. எப்படி இருக்கிறாய் என்று யாரும் கேட்கவில்லை. ஆண்கள் பெண்களிடம் வேலை விஷயம் தவிர எதுவும் பேசவில்லை. அதுவும் கையில் இருக்கும் பெட்டியைப் பார்த்தபடி.

பத்தரைக்கு டீ. அங்கே முழு டீ குடிப்பவர்கள் அநேகமாக இல்லை. "ஒன் பை டூ" என்று ஒருவன் சொல்வான், கடைக்காரர் ஒரு டீயை இரண்டு கிளாஸில் பாதிப் பாதியாக ஊற்றிக் கொடுப்பார். இது இந்த ஊரின் பழக்கம். யார் யாரோடு பாதி குடிக்கிறார்கள் என்பதுதான் அங்கே யார் யாருக்கு வேண்டியவர் என்பதற்கு அடையாளம். சண்டை போட்டவர்கள் முழு டீ வாங்கினார்கள். சமாதானம் ஆனதும் பாதிக்குத் திரும்பினார்கள். டீ குடிக்கும்போது இருவரும் தோளுக்குத் தோள் நின்று சாலையைப் பார்க்கிறார்கள். முகத்தைப் பார்ப்பதில்லை. ஒரு ஜோடி மூன்று நாளும் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் குடித்து முடித்தது.

பிரபாகர் அங்கே இருந்த மூன்று நாளும் முழு டீ வாங்கித் தனியாகக் குடித்தார் என்று டீக்கடைக்காரர் சொன்னார். "பெரிய ஆபீஸ்ல இருந்து வந்தவரு, நம்மகூட எதுக்குப் பங்கு போடப்போறாருன்னு பசங்க நினைச்சாங்கம்மா."

டாக்டர் குறிப்பைப் படித்தார். ஓரத்தில் கோடு போட்டார்.

பிரபாகரை வராந்தா பெஞ்சில் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசினேன். ஐந்து படிகளையும் அடித்துவிடச் சொன்னேன். அவர் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு அடித்தார். புதிதாக இரண்டே எழுதினோம். காலையில் ஒருமுறை முகவாய். பத்தரைக்கு ஒன் பை டூ.

"கேள்வி?"

"எதுவும் கேட்க வேண்டாம்."

"கண்ணு?"

"ரோட்டைப் பாருங்க."

"அப்பறம்?"

"அவ்வளவுதான்."

அந்த இரண்டு வரிக்கும் நம்பர் போட்டார். "இது முதல்லயே தெரிஞ்சிருந்தா நான் மாதாப்பூர்லயே இருந்திருப்பேன்" என்றார். அது வேடிக்கையா, வருத்தமா என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் குறிப்பில் வாக்கியத்தை மட்டும் எழுதினேன்.

காஜா மியானிடம் போய் நின்றேன். அறைந்தவனும் அவன் தங்கையும் இருக்கும்போதே, தவறாகச் சொல்லிக்கொடுத்தது நான் என்று சொன்னேன். காஜா மியான் என்னை மேலும் கீழும் பார்த்தார். "டீச்சரே பெயிலா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு உதவியது. ஒரு வாரம் பார்க்கிறேன் என்றார். பேக்கிங் மேசையில் ஆண்கள் பக்கம் இடம் மாற்றிக்கொடுத்தார். பெட்டி கட்டும் யாதகிரியிடம் மட்டும் நான் முன்கூட்டியே பேசியிருந்தேன். வாயாடி மனிதர், நல்ல சுபாவம். "பேசமாட்டாரா? ரொம்ப நல்லதாப் போச்சு. இங்க நான் பேசினா கேக்க ஆளே இல்லை" என்றார்.

முதல் மூன்று நாள் யாதகிரியோடு பாதி டீ. யாதகிரி பேசினார், பிரபாகர் சாலையைப் பார்த்தார். நான்காம் நாள் யாதகிரி வரவில்லை. பஞ்சர் கடை பெஞ்சிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்தரைக்குப் பிரபாகர் கடைக்கு வந்தார். "ஒன் பை டூ" என்றார். கடைக்காரர் இரண்டு கிளாஸ் கொடுத்தார். ஒன்றைக் குடித்து முடித்துக் கிளாஸைத் திருப்பிக் கொடுத்தார். இன்னொன்றைக் கையில் வைத்துக்கொண்டு, வழக்கமாக யாதகிரி நிற்கும் இடத்துக்கு ஒரு அடி தள்ளி நின்றார். ஜோடி ஜோடியாக எல்லோரும் குடித்துவிட்டு உள்ளே போனார்கள். இரண்டு பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். சங்கு ஊதியது. பிரபாகர் நகரவில்லை. நான் எழுந்து போகவில்லை. போயிருக்கவேண்டும் என்று இப்போதும் சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

காஜா மியான் கேட்டிலிருந்து கத்திக்கொண்டே வந்தார். "சங்கு கேக்கலையா? எதுக்கு அதைப் பிடிச்சிட்டு நிக்கறே?"

"ஒன் பை டூ, சார்."

"யாதகிரி லீவு."

"தெரியும் சார்."

காஜா மியான் கிளாஸைப் பார்த்தார். கடைக்காரரைப் பார்த்தார். பிறகு கிளாஸை வாங்கி ஒரே மடக்கில் குடித்தார். முகம் கோணியது.

"சீ, ஆறிப்போச்சு! அடுத்த தடவை சூடா இருக்கும்போதே கூப்பிடணும், தெரியுதா?"

"ஹவ், சார்" என்றார் பிரபாகர். சரி என்று பொருள். இருவரும் உள்ளே போனார்கள்.

இதைத்தான் நான் மதிப்பீட்டில் எழுதினேன். இயக்குநர் கொடுத்திருந்த படிவத்தின் இரண்டாம் பக்கத்தில், நண்பர்கள் எத்தனை, உரையாடல்கள் எத்தனை என்று கேட்ட இடங்களைக் காலியாக விட்டு, பின்பக்கத்தில் டீக்கடையில் நடந்ததைத் தேதி, நேரத்தோடு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தக் காலிப் பக்கத்துக்காகப் பிறகு எனக்கு ஒரு மெமோ வந்தது. குணமாகிவிட்டார் என்று நான் எங்கும் எழுதவில்லை. சில வருடம் கழித்து அவருக்கு ஒருமுறை நோய் கூடி, ஒரு மாதம் மருத்துவமனையில் இருந்தார். அதனால் நான் எழுதியது பொய்யாகிவிட்டது என்று இன்றுவரை நான் ஒப்புக்கொள்ளவில்லை.

தினகர் அமெரிக்காவுக்குத் திரும்புவதற்கு இரண்டு நாள் முன்பு, காலை ஒன்பதரைக்கு மையத்தில் கூடினோம். இயக்குநர், டாக்டர், தினகர், சரோஜா அம்மா, பிரபாகர், நான். மேசையில் இல்லத்தில் சேர்ப்பதற்கான தாள், பக்கத்தில் மூடி கழற்றிய பேனா. பிரபாகர் டீ நேரத்துக்குள் வந்துவிடுவதாகத் தொழிற்சாலையில் சொல்லி அனுமதி வாங்கியிருந்தார்.

"மேடம், இரண்டாம் பக்கம் காலியா இருக்கு" என்றார் இயக்குநர்.

"அந்தக் கேள்விகள் பொருந்தலை சார். பின்பக்கம் எழுதியிருக்கேன்."

"சூப்பர்வைசர் ஆறின டீ குடிச்சார்னு எழுதியிருக்கீங்க. இது எந்தக் கேள்விக்குப் பதில்?"

"மேல தலைப்புல சமூகச் செயல்பாடுன்னு போட்டிருக்கே, அதுக்கு."

"இதை வச்சு நான் என்ன ஸ்கோர் போடறது?"

டாக்டர் தன் கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டிருந்தார். "சார், அந்த ரிப்போர்ட்ல ஒரு அட்ஜெக்டிவ் காட்டுங்க. மாத்தி எழுதச் சொல்றேன். இல்லைன்னா அது அப்படியே இருக்கட்டும்."

தினகர் தாளை வாங்கிப் படித்தார். கோபக்காரர் இல்லை. களைத்திருந்தார். "மேடம், பிராக்டிகலா பேசுவோம். பாதி டீ. இதுதான் என் தம்பியோட சோஷியல் லைபா? அம்மாவுக்கு அறுபத்தேழு. அவங்களுக்கு அப்பறம் யாரு? மறுபடி யாராவது அடிச்சா? நான் அங்க இருந்து ஓடி வர முடியுமா?"

நியாயமான கேள்விகள். முதல் கேள்விக்கு மட்டும்தான் என்னிடம் பதில் இருந்தது.

"ஆமா சார், இதுதான். அங்க மத்தவங்களுக்கும் இதுதான்."

"ஒரு பிரெண்டுகூட இல்லாம..."

"ஏண்டா தினகர்," என்று குறுக்கிட்டார் சரோஜா அம்மா. "அங்க உன் பக்கத்து வீட்டுக்காரன் பேரு என்ன?"

"இப்ப எதுக்கும்மா அது?"

"சும்மாதான் கேட்டேன்."

இயக்குநர் தொண்டையைச் செருமிக்கொண்டு, சம்பந்தப்பட்டவரின் கருத்தையும் பதிவுசெய்துகொள்ளலாம் என்று பிரபாகரின் பக்கம் திரும்பினார். பிரபாகர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். எழுந்தார்.

"மணி பத்து" என்றார்.

"உக்காருடா" என்றார் தினகர். "உன்னைப் பத்தித்தானே பேசிட்டிருக்கோம்."

"பேசுங்க" என்றார் பிரபாகர். "நான் போகணும். யாதகிரி இன்னிக்கும் லீவு. காஜா சார் தனியா நிப்பார்."

கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனார். வராந்தாவில் அவர் செருப்புச் சத்தம் படியிறங்கியது. சரோஜா அம்மா பேனாவை எடுத்து அதன் மூடியைப் போட்டார். மேசையில் இருந்த தாளை எடுத்து நான்காக மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்தார்.

"அவனை பஸ் ஏத்தி விட்டுட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

கையெழுத்துப் போடத் தாள் இல்லாத மேசையைச் சுற்றி நாங்கள் நான்கு பேர் பதினொன்றுவரை உட்கார்ந்திருந்தோம். சரோஜா அம்மா திரும்பி வரவில்லை.